ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாச்சு, ராத்திரிக்கு யார்?

பினாங்கு சூலியா தெருவின் பழைய கடைவீடுகளில் கீழே கடை, மாடியில் படுக்கை, கழிவறை கீழே பின்கட்டில். நடுவில் செங்குத்தான ஒரு மரப்படி. ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, அதுவும் பல வீடுகளில் ஆடும். நல்ல காலத்தில் யாரும் அந்தப் படியை நினைத்துப் பார்ப்பதில்லை. எழுபது வயதுக்காரர் அஞ்சடி நடைபாதையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் ஆப்பரேஷன் முடித்து, "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லும் நேரத்தில்தான் குடும்பம் முழுக்க அந்தப் படியை நினைக்கிறது.

ஆப்பரேஷனுக்கு என்னென்னவோ ஏற்பாடு நடந்திருக்கும். ரத்தப் பரிசோதனை, இன்ஷூரன்ஸ் கடிதம், நாகூர் தர்கா ஷெரீபில் ஒரு நேர்ச்சை, அல்லது குயின் தெரு மாரியம்மனுக்கு ஓர் அர்ச்சனை. பணத்துக்கு வழி தேடியிருப்பார்கள். அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்பது நெடுங்காலக் கட்டணம், ஆகவே பலருக்குப் பணம் பெரிய தலைவலியே இல்லை. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான். வீட்டுக்கு வந்தபின் ராத்திரி இரண்டு மணிக்கு அத்தாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது யார்?

பிசியோதெரபிஸ்ட் ஒரு விதி சொல்லித் தருவார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முதலில். ஆஸ்பத்திரியின் அகலமான சிமெண்டுப் படியில் இது வந்துவிடும். கடைவீட்டு மரப்படியில் பாதம் முழுதாக வைக்கவே இடம் இருக்காது. கூட வருபவர் பக்கத்தில் நிற்கவும் முடியாது, ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும். பெரியவர் சறுக்கினால் இருவரும் சேர்ந்துதான் விழுவார்கள். அதனால் முதல் சில வாரங்களுக்குக் கட்டிலையே கீழே இறக்க வேண்டும், பக்கத்தில் கமோட் நாற்காலி ஒன்று போட வேண்டும். கடைக்குள்ளேயா? ஆமாம், கடைக்குள்ளேதான், சரக்கு அடுக்கை நகர்த்திவிட்டு. இடுப்பு மூட்டு மாற்றியவர் தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கக்கூடாது, குந்தி உட்காரும் கழிவறை பக்கம் போகவே கூடாது. இத்தனைக்கும் வீட்டை மாற்ற நாலைந்து நாளாவது வேண்டும். டிஸ்சார்ஜ் சொல்வதோ முந்தின நாள்.

வார்டில் இருக்கும்வரை நர்ஸ் மிஸ்ஸிகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்க வேண்டிய கட்டில்கள் ஏராளம். வயதானவர்களுக்கு, அதிலும் எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு, ஆப்பரேஷனுக்குப் பிந்தைய ஓரிரு இரவுகளில் புத்தி தடுமாறுவது சாதாரணம். ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுவார்கள், கடையைப் பூட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தமிழில்தான் கேட்பார்கள், வாழ்நாளெல்லாம் மலாயிலும் ஹொக்கியனிலும் வியாபாரம் பேசியவர்கூட அந்த நேரத்தில் தமிழுக்கே திரும்பிவிடுவதுண்டு. அப்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க வேண்டும், கண்ணாடியை மாட்டிவிட வேண்டும், காதுக்கருவி இருந்தால் வைத்துவிட வேண்டும், இது எந்த ஊர், என்ன கிழமை என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். மருந்தைவிட இதுவே அந்தத் தடுமாற்றத்துக்கு முதல் வைத்தியம் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். இரவுத் துணைக்கு ஒருவருக்குப் பாஸ் கிடைக்குமா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே வார்டில் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் வேலை கூடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசி சிலருக்கு நான்கைந்து வாரம் தொடரும். அதைப் போட வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் குதிகாலிலும் முதுகடியிலும் புண் வரும். காயம் சிவந்து சூடாகி நீர் கசிந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டர். திடீரென மூச்சுத் திணறினால் 999, யோசிக்கவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆப்பரேஷன் என்றதும் பத்தியம் ஆரம்பித்துவிடுகிறது. முட்டை ஆகாது, கோழி ஆகாது, இறால் வாசமே ஆகாது. ரசமும் சோறும் போதும். "அத்தா, இதைக் குடிங்க, புண் சீக்கிரம் ஆறும்" என்று மகள் ஹாருவான் மீன் சூப்பை நீட்டுவாள். "உங்க மாமி முட்டை வேணாம்னு சொல்லிட்டுப் போனா, மீன் மட்டும் ஆகுமா?" என்று அவர் ஒதுக்குவார். ஹாருவான் சூப்பை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன், அது நல்ல புரதம். காயம் ஆறவும் தசை திரும்பவும் புரதம் வேண்டும். டாக்டர் தடுக்காத முட்டையை மாமி தடுக்கக்கூடாது.

இதையெல்லாம் ஒரு மகளோ ஒரு மருமகளோ தனியாகச் செய்துவிட முடியாது. முன்பு செய்யவும் இல்லை. ராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்த ஆண்கள் இந்தத் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் கூட்டாகத் தங்கிய காலத்தில், படுத்தவனைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரன் இருந்தான். பிறகு குடும்பங்கள் வந்தன. ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. குரல் கொடுத்தால் போதும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் குறைவாகவே வைத்திருந்தது. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அவகாசம் முடிந்து 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாதுகாப்பு போனது. பல மடங்கு உயர்ந்த வாடகையைத் தாங்காமல் குடும்பங்கள் ஆயர் ஈத்தாம், கெலுகோர், பாயான் லெப்பாஸ் என்றும் கடல் தாண்டிச் செபராங் பிறை என்றும் போயின. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் காலியான வீடுகள் ஹோட்டலாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. கட்டடம் பிழைத்தது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இன்று சூலியா தெருவில் ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் இருப்பவர் நாளைக் காலை லங்காவி போகப்போகிற பயணி. பக்கத்து வீடு என்ற ஏற்பாட்டையே இந்தத் தெரு இழந்துவிட்டது. முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கவலை இன்னும் கூடுகிறது.

வெளியே போன பிள்ளைகள் லீவு போட்டு வரலாமே என்பார்கள். நம் வேலைச் சட்டத்தில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 98 நாள், 2023 முதல் தகப்பனுக்கும் 7 நாள். தாய் தகப்பனுக்கு ஆப்பரேஷன் என்றால் பிள்ளைக்கு என்று தனி விடுப்பு எதுவும் சட்டத்தில் இல்லை. சொந்த ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவருக்குக் கட்டாயமாகக் கிடைப்பது 8 நாள். இடுப்பு எலும்பு 8 நாளில் கூடுவதில்லை. சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு அந்த எட்டும் கிடையாது.

கூலிக்கு ஆள் வைக்கலாம், பராமரிப்பு இல்லத்தில் சில வாரம் விடலாம் என்பவர்களும் உண்டு. வசதி உள்ளவர்களுக்கு அது சரியே, நல்ல இல்லங்களும் இருக்கின்றன. ஆனால் இந்தோனேசியாவிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணை முறைப்படி வரவழைக்க மாதக் கணக்கில் ஆகும், உடைந்த எலும்பு காத்திருக்காது. மணிக்கணக்கில் வரும் ஆள் விளக்கு வைத்ததும் போய்விடுவார். எங்கள் பிரச்சினை ராத்திரியில் இருக்கிறது.

மேடானிலிருந்து சிகிச்சைக்காகப் பினாங்குக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு நோயாளியோடு இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து, முறை வைத்துத் துணைக்கு இருக்கிறார்கள். கடல் தாண்டி வருகிறவர்கள் புறப்படும்போதே ஆளைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம் போடுவதில்லை.

நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பள்ளிவாசல் ஜமாத்துகளிலும் தமிழ்ச் சங்கங்களிலும் மரண சகாய நிதி பழக்கமான ஏற்பாடு. மாதச் சந்தா கட்டுகிறோம். ஒருவர் கண்ணை மூடினால் ஒரு மணி நேரத்தில் ஆள் வருகிறது, வண்டி வருகிறது, செலவைப் பற்றிக் குடும்பம் யோசிக்க வேண்டியதில்லை. இறந்தவருக்கு இவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்த சமூகம், பிழைத்து வந்தவருக்கு ஏன் செய்யக்கூடாது? அந்தச் சந்தாவிலேயே ஒரு பங்கை ஒதுக்கி நடைச் சட்டகம், கமோட் நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் என்று இரண்டிரண்டு வாங்கி இரவலுக்கு வைக்கலாம். ராத்திரித் துணைக்கு வரச் சம்மதிப்பவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதலாம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு ராத்திரி வந்தால் ஒரு குடும்பத்துக்கு முதல் பத்து நாள் கடந்துவிடும். அதற்குள் பெரியவர் சட்டகத்தைப் பிடித்துக் கழிவறைவரை தானே நடக்கத் தொடங்கியிருப்பார். அடுத்த சந்தாக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். நீங்களும் உங்கள் கூட்டத்தில் கேளுங்கள்.