வெள்ளி வற்றிய நகரம்

ஒரு தேசத்தின் செல்வம் எது? பூமிக்கடியிற் புதைந்து கிடக்கும் வெள்ளியா, பூமியின்மேல் உழைத்து வாழும் ஜனங்களா? இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் செக் நாட்டிலுள்ள குட்னா ஹோரா என்னும் சிறு நகரை ஒரு நாள் சுற்றிப் பார்த்தாற் போதும். பிராக் நகரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர ரயில் பிரயாணம். இன்று சுமார் 20,000 ஜனங்களே வசிக்கும் இவ்வூர், ஒரு காலத்தில் பொஹீமிய ராஜ்யத்தில் பிராக்குக்கு அடுத்த ஸ்தானம் வகித்த பெருநகரம் என்றால் நம்புவது எளிதன்று.

ரயிலை விட்டிறங்கியவுடன் முதலில் எதிர்ப்படுவது ஸெட்லெட்ஸ் என்னும் பகுதி. 1142-ல் ஸ்தாபிக்கப்பட்ட துறவிகளின் மடம் இங்கிருந்தது. அதன் இடுகாட்டுக் கோயிலுக்குள் நுழைந்த நாம் சற்று நேரம் வாயடைத்து நின்றோம். கொள்ளை நோயிலும் யுத்தங்களிலும் மாண்ட 40,000-க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் அங்கே கோபுரங்களாகக் குவிக்கப்பட்டிருக்கின்றன, தோரணங்களாகத் தொங்குகின்றன, நடுவே பெரியதொரு சரவிளக்கும் எலும்பினாலேயே ஆகியிருக்கிறது. 1870-ல் பிரான்டிஷெக் ரின்ட் என்னும் மரச்சிற்பி, அவ்விடத்துக்கு உடையவரான ஷ்வார்ட்ஸென்பெர்க் பிரபுக்களின் கட்டளைப்படி இவற்றை அமைத்தார். ஒரு பக்கத்தில் அப்பிரபுக்களின் வம்சச் சின்னமும் எலும்பிலேயே ஆக்கப்பட்டிருக்கிறது. பெயரற்ற ஜனங்களின் எலும்பைக் கொண்டு பெயர்பெற்ற வம்சத்தின் பெருமையை எழுதியிருக்கிறார்கள்! ஐரோப்பியச் சரித்திரம் முழுவதையும் இதனினும் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

அங்கிருந்து பழைய நகருக்குள் சென்றோம். 'இத்தாலிய மாளிகை' என்னும் கட்டடமே அக்காலத்து அரசாங்க நாணயசாலை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வெள்ளி ஏராளமாக வெளிப்பட்டது. இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னன் இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து, 1300-ல் 'பிராக் குரோஷன்' என்னும் வெள்ளி நாணயத்தை அடிக்கச் செய்தான். சுரங்க உரிமையையும் வேலை முறைகளையும் வரையறுக்கும் சட்டமொன்றையும் அவ்வருஷமே பிறப்பித்தான். மத்திய ஐரோப்பாவெங்கும் அந்நாணயம் செலாவணியாயிற்று. பொஹீமிய மன்னர்களின் படைகளும் அரண்மனைகளும் இவ்வூர் வெள்ளியால் நடந்தன.

அவ்வெள்ளியைத் தோண்டியவர் நிலை என்ன? ஹ்ராதெக் என்னும் பழைய மாளிகையில் இன்று வெள்ளிக் காட்சிசாலை இருக்கிறது. அங்கே வருவோர்க்கு வெள்ளை அங்கியும் தலைக்கவசமும் விளக்கும் தந்து, பழைய சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்கிறார்கள். நாமும் அவ்வாறே இறங்கினோம். ஈரம் கசியும் பாறைகளுக்கிடையே சில இடங்களில் உடலை ஒருக்களித்தே நகரவேண்டியிருந்தது. விளக்கை ஒரு நிமிஷம் அணைத்தபோது எம் கையே எமக்குத் தெரியவில்லை. சுமார் 250 மீட்டர் தூரம் நடந்த எமக்கே மூச்சு முட்டிற்று. 'கழுதை' என்று பெயர்பெற்ற பழைய சுரங்கமோ சுமார் 500 மீட்டர் ஆழம்! உளியும் சுத்தியலும் கொண்டு, கொழுப்பு விளக்கின் வெளிச்சத்தில், அத்தொழிலாளர் அங்கே ஆயுளைக் கழித்தனர். கொடுமை பொறாமல் 15-ம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1496-ல் அவர்களுடைய தலைவர்கள் கொலைத்தண்டனை அடைந்தனர்.

ஆயினும் அத்தொழிலாளர் அடியோடு மறக்கப்படவில்லை. சுரங்கத் தொழிலாளரின் காவல் தேவதையான பார்பராவின் ஆலயம் ஊரின் ஓரத்திலே கூடாரம் போன்ற முகடுகளுடன் ஓங்கி நிற்கிறது. 1388-ல் தொடங்கிய திருப்பணி, வெள்ளி குறைந்தபோதெல்லாம் தடைப்பட்டு, 1905-ல்தான் நிறைவேறியது. அதன் சுவர்ச் சித்திரங்களில் ஒன்றில் நாணயம் அடிப்போர் சுத்தியலுடன் அமர்ந்திருக்கின்றனர். வெள்ளை அங்கி தரித்த சுரங்கத் தொழிலாளி ஒருவனின் சிலையும் ஆலயத்துக்குள் நிற்கிறது. மன்னருக்கும் மகான்களுக்கும் உரிய இடத்தில் உழைப்பாளியை வைத்த ஆலயங்கள் உலகில் எத்தனை?

16-ம் நூற்றாண்டில் சுரங்கங்களில் நீர் புகுந்தது, வெள்ளி அருகியது. அமெரிக்க வெள்ளியும் ஐரோப்பாவில் வந்து குவிந்தது. 1547-க்குப் பின் குரோஷன் அடிக்கப்படவில்லை. மன்னர்களின் பொக்கிஷம் போன வழி தெரியவில்லை. ஆனால் இவ்வூரில் பிறந்த வேறு சில செல்வங்கள் வற்றவில்லை.

1409-ல் நான்காம் வென்செஸ்லாஸ் இவ்வூரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தான். பிராக் சர்வகலாசாலையில் அயல் நாட்டாருக்கு மூன்று வாக்கும் செக்கர்களுக்கு ஒரே வாக்கும் இருந்த முறை அதனால் தலைகீழாயிற்று. ஜெர்மானிய ஆசிரியரும் மாணாக்கரும் வெளியேறி, லைப்ஸிக் நகரில் புதிய சர்வகலாசாலை கண்டனர். பிராக் கலாசாலை சிறுத்துப்போயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. அடுத்து மூண்ட மதப்போரில் இவ்வூர்ச் சுரங்கங்களே ஹுஸ்ஸின் சீடர்களை உயிரோடு தள்ளும் குழிகளாயின. அத்தகைய ஊரிலேதான் 1485-ல் இரு மதப்பிரிவினரும் கூடிச் சமாதானம் செய்து, ஒருவரையொருவர் சமமாக நடத்துவதென்று உடன்பட்டனர்.

1808-ல் யோசெப் காயெடான் டில் என்பவர் இங்கே பிறந்தார். 1834-ல் ஒரு நாடகத்துக்காக அவர் எழுதிய பாட்டே இன்று செக் நாட்டின் தேசீய கீதம். 1850-ல், பிராக்கில் பத்திரிகை நடத்தத் தடுக்கப்பட்ட காரெல் ஹாவ்லிசெக், இவ்வூருக்கு வந்து 'ஸ்லோவான்' என்னும் பத்திரிகையை வெளியிட்டார். அடக்குமுறை தாங்காமல் மறு வருஷமே அது நின்றது. சர்க்கார் அவர்மீது வழக்குத் தொடர்ந்தபோது இவ்வூர் ஜூரிகள் அவர் குற்றவாளியல்லவென்று தீர்ப்பளித்தனர். ஆஸ்திரிய சர்க்கார் பொறுக்குமா? அடுத்த மாதமே இரவோடிரவாக அவரைப் பிடித்து, பிரிக்ஸன் என்னும் மலையூருக்கு நாடு கடத்திற்று. 1856-ல் நோயால் அவர் மாண்டார். அவரை நாடு கடத்திய சாம்ராஜ்யம் 1918-ல் மறைந்தது.

மாலையில் ஆலயத்தின் முன்னுள்ள மேடையில் நின்று ஊரை நோக்கினோம். காலுக்கடியில் எங்கும் வெற்றுச் சுரங்கங்கள். வெள்ளியை எடுத்தவர்கள் எடுத்துச் சென்றுவிட்டனர். பாட்டையும், பத்திரிகையையும், அஞ்சாத ஜூரிகளின் தீர்ப்பையும் எவராலும் எடுத்துச் செல்ல முடியவில்லை. தேசத்தின் செல்வம் எதுவென்று கேட்போருக்கு குட்னா ஹோரா அளிக்கும் விடை அதுவே.