அழாத பிள்ளை எப்போதும் நல்ல பிள்ளையா?

ஆடு வளர்க்கும் வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். குட்டி பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே கால்களைப் பரப்பித் தடுமாறி எழுந்து, மடியைத் தேடும். அதே வீட்டில் பிறந்த பூனைக்குட்டியோ ஒரு வாரம் ஆனாலும் கண் திறக்காது. தாயின் சூடு இல்லாவிட்டால் அதன் உடல் குளிர்ந்துபோகும்.

ஏன் இந்த வேறுபாடு? ஆடு ஏறக்குறைய 150 நாள் சினையாக இருக்கிறது. பூனை 65 நாள்தான். அந்தக் கணக்கு ஒரு காரணம். அதோடு சேர்ந்து இயங்கும் இன்னொரு கடிகாரம் கழுத்தில் இருக்கிறது. அதுதான் தைராய்டு சுரப்பி.

வானொலியில் மருத்துவர்களோடு உரையாடும் நிகழ்ச்சிகளைப் படைத்து வருகிறேன். தைராய்டு என்று அறிவித்ததும் நேயர்கள் கேட்பதெல்லாம் எடை கூடுவது, முடி கொட்டுவது, அசதி பற்றித்தான். பச்சைக் குழந்தையின் தைராய்டைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சுரப்பிக்கு வாழ்நாளிலேயே மிகப் பெரிய வேலை, பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் வருகிறது.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது டி4 என்ற ஹார்மோன். அதில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும். கல்லீரல், மூளை போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஓர் அணுவை நீக்கி டி3 ஆக்கிக்கொள்கின்றன. டி4 அரைத்து வைத்த மாவு என்றால், டி3 சுட்ட தோசை. பசியாற்றுவது தோசைதான்.

தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்குத் தோசை அதிகம் தேவையில்லை. சூட்டைத் தாய் கொடுக்கிறாள். கிடைக்கும் சத்தை எரிக்காமல் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும். அதனால் டி4-இன் பெரும்பகுதி, வேலை செய்யாத இன்னொரு வடிவமாக மாற்றப்படுகிறது. பிரசவம் நெருங்கும்போது குட்டியின் உடலில் கார்ட்டிசோல் ஹார்மோன் கூடுகிறது. அப்போது கல்லீரல் டி3 தயாரிக்கும் வேலையை வேகப்படுத்துகிறது.

பிறந்ததும் வெளிக்காற்றின் குளிர் தாக்குகிறது. அரை மணி நேரத்துக்குள் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற தூண்டும் ஹார்மோனை அள்ளிக் கொட்டுகிறது. தைராய்டு விழித்துக்கொள்கிறது, டி4, டி3 இரண்டும் சரசரவென ஏறுகின்றன. உடலில் சேர்த்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பு எரிந்து சூடு தருகிறது. செம்மறி ஆடுகளில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிறக்கும் முன்பே தைராய்டு அகற்றப்பட்ட குட்டிகளால், பிறந்தபின் உடல் சூட்டைச் சரியாகக் காக்க முடியவில்லை. தாய் ஆட்டின் தீவனத்தில் அயோடின் குறைந்தாலும், குட்டிகள் கழுத்து வீங்கி, உரோமம் குறைந்து, நலிந்து பிறக்கும்.

எலிக்குஞ்சின் கதை வேறு. கண் மூடியபடி, உரோமமே இல்லாமல் பிறக்கும் அதற்குத் தைராய்டு ஹார்மோன் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். அது கண் திறப்பதும் அந்த நாட்களில்தான். தலைப்பிரட்டையின் கதை இன்னும் வியப்பு. 1912-இல் குடர்னாட்ச் என்ற ஆய்வாளர், தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை முழுதாக வளரும் முன்பே குட்டித் தவளைகளாக மாறிவிட்டன. எப்போது எதுவாக மாற வேண்டும் என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் இது.

மனிதக் குழந்தை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கண் திறந்து பிறக்கிறது. ஆனால் மூளை வளர்ச்சி இன்னும் முடியவில்லை. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு அந்த மூளைக்குத் தைராய்டு ஹார்மோன் கட்டாயம் வேண்டும். சுரப்பியே இல்லாமலோ சரியாக வேலை செய்யாமலோ, உலக அளவில் ஏறக்குறைய 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று பிறக்கிறது. கவனிக்காமல் விட்டால் அறிவு வளர்ச்சி குன்றும். இழந்ததைப் பின்னால் மீட்க முடியாது.

என் அக்கா மகன் அந்த ஒரு குழந்தை. பிறந்த ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. "டி.எஸ்.எச். அதிகமாக இருக்கிறது, நாளைக்கே அழைத்து வாருங்கள்" என்றார் தாதி. வீட்டில் பெரிய விவாதம். "முப்பது கழியாத பச்சைப் பிள்ளையை எப்படி வெளியே கொண்டுபோவது? தங்கமான பிள்ளை, அழக்கூட மாட்டேங்குது, பாலுக்கே எழுப்ப வேண்டியிருக்கு" என்றார் பாட்டி. கடைசியில் அம்மாதான் சொன்னார்: "காதை மூடி, தொப்பி போட்டுத் தூக்கிட்டு வா. நானும் வரேன்."

மறுபரிசோதனையில் உறுதியானது. ஒன்பதாம் நாள் மாத்திரை தொடங்கியது. பாட்டி பாராட்டிய அதே அமைதி, அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று என்று மருத்துவர் சொன்னபோது வீடே வாயடைத்துப்போனது. அவனுக்கு இப்போது ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. காலையில் மாத்திரை, அப்புறம்தான் மைலோ. பேச ஆரம்பித்தால் என்னையே மிஞ்சுவான்.

அவன் தப்பியதற்குக் காரணம் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த சோதனை. 1970-களில் கனடாவின் கியூபெக்கில் ழான் டுசோ என்ற மருத்துவர் தொடங்கிவைத்த இந்தத் தேடல், இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரில் 1990 முதல் நடக்கிறது. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளிலும், ஜி6பிடி சோதனையோடு சேர்த்துத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்க்கிறார்கள். பிறந்த உடனே ஏறும் அந்த டி.எஸ்.எச். அலை, முதல் நாளில் எடுக்கும் இரத்தத்தில் நல்ல குழந்தையையும் நோயாளிபோலக் காட்டிவிடும். தொப்புள்கொடி இரத்தம் அந்த அலைக்கு முந்தியது. குதிகாலில் குத்தி எடுக்கும் நாடுகளில் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் காத்திருப்பதும் இதற்காகத்தான்.

குழந்தையின் முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தாயின் ஹார்மோன் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியே வந்திருப்பதால், பெரும்பாலான குழந்தைகள் பிறக்கும்போது நலமாகவே தெரிகின்றன. நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, ஓயாத தூக்கம் எல்லாம் மெல்ல மெல்லத்தான் வரும். சிகிச்சையோ இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் "தைராய்டு சோதனை எடுத்தாயிற்றா, முடிவு எப்போது?" என்று கேளுங்கள். எப்போதும் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுங்கள். முதல் சோதனையில் அளவு கூடினாலே நோய் என்று பயப்பட வேண்டாம். மறுசோதனைதான் முடிவு சொல்லும். மாத்திரை தந்தால், பொடித்துக் கொஞ்சம் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து கரண்டியால் கொடுக்கலாம். புட்டிப் பால் முழுவதிலும் கலக்க வேண்டாம். சோயா பால், இரும்புச் சத்து மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு மாத்திரை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும். சிலருக்கு மூன்று வயதுவாக்கில் மருத்துவரே நிறுத்திப் பார்ப்பார். நாமாக நிறுத்தக்கூடாது.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால், நாள் நட்சத்திரம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். முப்பது கழியட்டும் என்று அந்தக் குட்டி மூளை காத்திருக்காது.