கூடாரத்துக்குள் கரியடுப்பா?

விடுமுறையில் உங்கள் குடும்பம் வந்தவாசியிலிருந்து புறப்பட்டு, முதுமலை தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு, உதகை அருகே கூடாரமடித்து ஓரிரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். உயரே செல்லச் செல்லக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது. ஆகவே சமவெளியைவிட அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி குறைவாக இருக்கும். தம்பி, தங்கைகள் நடுங்குகிறார்களே என்று, சமைத்து முடித்த கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவரத் தோன்றும். அது கூடவே கூடாது!

ஏன் தெரியுமா? போதிய ஆக்சிஜன் இன்றிக் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. புகையடங்கிய தணலிலிருந்தும் அது வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. உடலுறுப்புகளுக்கு ஆக்சிஜன் எட்டாமல், உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிடக்கூடும்.

அப்படியானால் குளிருக்கு என்ன வழி? நம் ஊர்க் கோரைப்பாய்தான்! வெறுந்தரையில் படுத்தால் உடலின் வெப்பம் கடத்தல் முறையில் மண்ணுக்குச் சென்றுவிடும். இரண்டு மூன்று பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால், இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

பாய் உள்ளே, அடுப்பு வெளியே. இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.