பின் அட்டையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைத் தேடி வாங்குகிறவர்கள் நம்மிடையே கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் ஒரே மாதிரி ஏமாறுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி முழுத் தொகுப்பை வரவழைப்பார்கள். இங்கே பிளேயரில் போட்டால், இது இந்தப் பகுதிக்கான டிஸ்க் அல்ல, ரீஜன் பொருந்தவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றுவிடும். வேறு சிலர் பாதி விலை என்று இணையத்தில் வாங்குவார்கள். பிரித்தால் அடிப்பாகம் ஊதாவாக மின்னும், அட்டை மங்கிய ஜெராக்ஸ் போல இருக்கும், யாரோ வீட்டில் காப்பி எடுத்த டிஸ்க். இன்னும் சிலருக்கு டிஸ்க் நன்றாகவே ஓடும், முன்பு கேட்ட பாட்டு மட்டும் அந்தக் காட்சியில் இருக்காது. எப்படி ஏமாந்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். நண்பர்களிடம் புலம்புவார்கள், பெட்டியைப் பரணில் போடுவார்கள், பில்லைக் கிழித்து எறிவார்கள். எதை எறிந்தாலும் அந்தப் பில்லை எறியாதீர்கள்.

ஒரு தொடரை ஒளிபரப்பும் உரிமை வேறு, அதையே டிஸ்க்காக விற்கும் உரிமை வேறு. 1960களில் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு வீட்டு வீடியோ என்ற வியாபாரம் வரப்போவது தெரியாது. கதாசிரியர், நடிகர், பாட்டின் உரிமையாளர் என்று ஒவ்வொருவரிடமும் ஒளிபரப்புக்கு மட்டும் அனுமதி வாங்கிவைத்தார்கள். அந்த அனுமதி கேசட் விற்பனைக்கும் செல்லுமா என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனது. 'மீடியம் கூல்' என்ற 1969ஆம் ஆண்டுப் படத்தில் இடம்பெற்ற பாட்டு பற்றிய கோஹன் எதிர் பாரமவுண்ட் வழக்கு அது. தொலைக்காட்சியில் காட்டக் கொடுத்த உரிமம் வீடியோ கேசட்டுக்குச் செல்லாது என்று 1988இல் தீர்ப்பு வந்தது. பழைய தொடரை இன்று டிஸ்க்காகக் கொண்டுவர நினைக்கும் நிறுவனம் பாட்டுக்குப் பாட்டு மறுபடி பேரம் பேச வேண்டியிருப்பதற்கு இதுதான் காரணம். பேரம் படியாவிட்டால் பாட்டை வெட்டிவிடுவார்கள், அல்லது வேறு இசையை ஒட்டிவிடுவார்கள்.

'குவாண்டம் லீப்' ரசிகர்களுக்கு நடந்ததைச் சொன்னால் இது புரியும். இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில், தன்னை விட்டுப் பிரிந்துபோன மனைவியின் அருகில் ஆல் என்பவன் நிற்கிறான். அவன் வெறும் ஒளியுருவம், அவள் கண்ணுக்குத் தெரியமாட்டான். ரே சார்லஸ் குரலில் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' ஒலிக்க, அவளோடு ஆடுவது போல அசைகிறான். அந்தத் தொடரிலேயே மனசைப் பிசையும் இடம் இது. டிவிடி வந்தபோது பாட்டைக் காணோம், ஏதோ ஒரு வாத்திய இசை ஓடியது. அட்டையில் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கையாவது வேண்டாமா? பல நிறுவனங்கள் பின் அட்டையின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், சில பாடல்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்று போட்டுவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், பின் அட்டையைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

உரிமம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 'டாக்டர் ஹூ'வில் 1965இல் வந்த 'தி சேஸ்' கதையில் பீட்டில்ஸ் குழு பாடும் சிறு துண்டு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் டிவிடியில் அது இருக்கிறது, அமெரிக்க டிவிடியில் வெட்டப்பட்டிருக்கிறது. கதையும் ஒன்று, பெயரும் ஒன்று, பொருள் மட்டும் வேறு. அதே தொடரின் முதல் கதைக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2023 நவம்பரில், 60ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 800க்கும் மேற்பட்ட அத்தியாயங்களை பிபிசி தன் ஐபிளேயர் இணையச் சேவையில் ஏற்றியது. ஆனால் 1963இல் தொடரைத் தொடங்கிவைத்த நான்கு அத்தியாயங்கள் அதில் இல்லை. எழுதிய ஆண்டனி கோபர்னின் வாரிசிடமிருந்து உரிமம் கிடைக்கவில்லை. 2006இல் வந்த டிவிடியை அன்றே வாங்கிவைத்தவர்களிடம் அந்தக் கதை பத்திரமாக இருக்கிறது.

இந்தத் தொடரைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. 1960களின் அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவை இன்றுவரை கிடைக்கவில்லை. மறு ஒளிபரப்புக்கும் வெளிநாட்டு விற்பனைக்குமான ஒப்பந்தக் காலம் தீர்ந்ததும், இனி எதற்கு என்று பிரதிகளை அழித்துவிட்டார்கள். ஆகவே 'டாக்டர் ஹூ, 1963 முதல், ஓர் அத்தியாயம் விடாமல்' என்று யாராவது விற்றால் அது பொய். அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

இனி ரீஜன் விவகாரம். டிவிடிக்கு இந்தியா ரீஜன் 5, அமெரிக்கா 1, பிரிட்டன் 2. புளூ-ரேயில் எழுத்துகள்: இந்தியா சி, அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. இந்த எண்ணோ எழுத்தோ பின் அட்டையில் ஒரு சிறு சின்னத்துக்குள் அச்சாகியிருக்கும். டிவிடியில் 0 என்றோ 'ஆல்' என்றோ இருந்தால் எங்கும் ஓடும். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளில் ரீஜன் பூட்டே கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் சாதாரண புளூ-ரேயில் இருக்கலாம். கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிவிடி டிரைவின் ரீஜனைப் பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்தில் எந்த ரீஜனில் இருக்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். 'சரி' என்ற பொத்தானை யோசிக்காமல் தட்டிவிட்டு அப்புறம் வருந்திப் பயனில்லை.

டிஸ்க்கே வேண்டாம், டிஜிட்டலில் 'வாங்கி'விட்டேன் என்கிறவர்கள் நிலைமை இதைவிட மோசம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஸ்டூடியோகனால் நிறுவனப் படங்கள், உரிம ஒப்பந்தம் முடிந்ததால் 2022 ஆகஸ்ட் 31 முதல் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே மறையும் என்று அறிவிப்பு வந்தது. நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டமே போட்டிருக்கிறது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. டிஸ்க் வெளியிடும் நிறுவனமும் சாசுவதம் இல்லை. 'ஸ்பேஸ்: 1999', 'தி பிரிசனர்' போன்ற பிரிட்டிஷ் தொடர்களை அக்கறையோடு வெளியிட்டுவந்த நெட்வொர்க் நிறுவனம் 2023இல் கலைக்கப்பட்டது. உண்மையான வெளியீடு கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

ஏமாந்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். மேலே ஒட்டிய சுங்கச் சீட்டு, முகவரிச் சீட்டு, பின் அட்டை, டிஸ்க்கின் இரு பக்கம் எல்லாம் அதில் தெரியட்டும். விற்பனைப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். புகார் போன மறுநாளே அந்தப் பக்கத்தில் 'ரீஜன் 1' என்ற வரி புதிதாக முளைக்கும். அந்த வரி நீங்கள் வாங்கும்போதே இருந்தது என்றால் உங்கள் வழக்கு நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, சாட் பெட்டியில் மணிக்கணக்காக மன்றாடுவதை நிறுத்துங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது, அதே விதிகளின் 6ஆம் விதி அதைத் தடுக்கிறது. கடிதத்தில் கோபம் வேண்டாம், பாட்டு போன துக்கமும் வேண்டாம். 'அனைத்து பிளேயர்களிலும் ஓடும் என்று விளம்பரம் செய்தீர்கள். வந்தது ரீஜன் 1. ஆர்டர் எண் இது, தொகை இது. பணத்தைத் திருப்பித் தரவும்.' இவ்வளவு போதும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவிட மாட்டார்கள். அங்கே சொல்லிவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். முதலில் விற்பனையாளருக்கு 15 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், எனவே சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு புகார் மனு, பில், ஸ்கிரீன்ஷாட், கடிதப் போக்குவரத்து, நோட்டீஸ் நகல், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்து நேரிலோ இ-ஜாக்ரிதி தளத்திலோ தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

'கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, இங்கே எடுக்க மாட்டோம்' என்று கவுன்ட்டரில் சொல்லித் திருப்பி அனுப்பினால் நம்பி வந்துவிடாதீர்கள். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தும் தெரியாததுபோல் மக்களை அலையவிடும் ஊழியரிடம் அந்தப் பிரிவைக் காட்டி, மனு பெற்றதற்கு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். விற்றவர் இந்தியாவில் காலே வைக்காத வெளிநாட்டுத் தனிநபர் என்றால் ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றுவது கடினம். அப்போது கார்டு கொடுத்த வங்கியில் பணப் பரிமாற்றத்தை மறுத்துப் புகார் கொடுங்கள். அதற்குக் கெடு குறைவு, பொருள் வந்த வாரமே செய்யுங்கள்.

கள்ளப் பிரதி என்றால் வழி வேறு. இந்தியாவில் வெளியிடப்படும் எந்த வீடியோ உறையிலும், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளரிடம் அனுமதி பெற்றதாக உறுதிமொழி, உரிமையாளர் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் 68ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உறையைத் தூக்கி எறியாமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். போனால் போகிறது என்று அதையே இன்னும் பத்துக் காப்பி போட்டு நண்பர்களுக்கு விற்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். அப்போது குற்றவாளி நீங்கள்தான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. அது குறை ஏற்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. வந்த தொகுப்பை இந்த வாரமே பிரித்து, எல்லா டிஸ்க்கையும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.