கார் சாவிக்குள் ஒரு காவலாளி: 'இம்மொபிலைசர்' இயங்குவது எப்படி?

சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது லா ஷோ-து-ஃபோன் நகரம். கைக்கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்நகரை, அருகிலுள்ள லெ லோக்கிள் நகருடன் சேர்த்து, 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இணைத்தது.

இந்தக் கடிகாரத் தொழிலுக்கும் மோட்டார் கார்களின் சாவிக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிறு பேட்டரி ஒன்றைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டியது கைக்கடிகாரம். எனவே மிகக் குறைந்த மின்சக்தியில் இயங்கும் மின்னணுச் சில்லுகள் அத்தொழிலுக்குத் தேவைப்பட்டன. அவற்றைத் தயாரிப்பதற்காக இதே மாநிலத்தின் மாரன் என்ற இடத்தில் 1975இல் தொடங்கப்பட்ட இஎம் மைக்ரோஎலக்ட்ரானிக் நிறுவனம், பின்னர் கார் சாவிகளுக்குள் பொருத்தப்படும் சில்லுகளையும் தயாரித்தது.

கேள்வியும் பதிலும்

சாவியின் பிளாஸ்டிக் தலைப்பகுதிக்குள் ஒரு சிறிய சில்லும் மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. இதற்கு 'ட்ரான்ஸ்பாண்டர்' என்று பெயர். இதற்கெனத் தனி பேட்டரி கிடையாது. சாவியைத் திருப்பும்போது, சாவித்துளையைச் சுற்றியுள்ள மற்றொரு சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் காந்தப்புலம் ஒன்றை உருவாக்குகிறது. அந்தப் புலமே சாவியிலுள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, சில்லை இயங்கச் செய்கிறது.

தொடக்ககாலச் சாவிகள் எப்போதும் ஒரே அடையாள எண்ணை அனுப்பின. அதைப் பதிவு செய்து நகலெடுப்பது எளிதாக இருந்தது. அதன்பின் வந்தவற்றில், கார் ஒவ்வொரு முறையும் புதியதொரு எண்ணைக் கேள்வியாக அனுப்புகிறது. சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணைப் பயன்படுத்திக் கணக்கிட்டு விடை தருகிறது. காரும் அதே கணக்கைச் செய்து பார்க்கிறது. இரு விடைகளும் பொருந்தினால் மட்டுமே இயந்திரத்துக்கு எரிபொருளும் மின்பொறியும் தொடர்ந்து கிடைக்கும். நேற்றைய விடை இன்று உதவாது.

பழுதைக் கண்டறிவது

பனி கொட்டும் காலையில் கார் கிளம்பாவிட்டால், இம்மொபிலைசரை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை. குளிரில் வலுவிழப்பது பெரும்பாலும் காரின் பேட்டரிதான். சாவிக்குள் உள்ள சிறு பேட்டரி, கதவைத் தொலைவிலிருந்து திறப்பதற்கானது. அது தீர்ந்தாலும் ட்ரான்ஸ்பாண்டர் வேலை செய்யும்.

மாறாக, இயந்திரம் கிளம்பி ஓரிரு நொடிகளில் நின்றுவிட்டாலோ, முகப்புப் பலகையில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, கார் சாவியை அடையாளம் காணவில்லை என்று கருதலாம். சில கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரே சுற்றாது.

அப்போது முதலில் செய்யவேண்டியது, சாவிக்கொத்திலுள்ள பிற கார் சாவிகளைக் கழற்றிவிட்டு முயல்வது. அவற்றின் சில்லுகளும் ஒரே நேரத்தில் விடையளித்துக் குழப்பம் விளைவிக்கக்கூடும். அடுத்து, மாற்றுச் சாவியைப் பயன்படுத்திப் பார்க்கவேண்டும். மாற்றுச் சாவியில் கார் ஓடினால், பழுது முதல் சாவியில் உள்ளது. இரண்டும் பலனளிக்காவிட்டால், சாவித்துளையைச் சுற்றியுள்ள சுருள், அதன் கம்பி இணைப்புகள், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும்.

மெக்கானிக் தன் சோதனைக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் பொருத்தி, கணினி பதிவு செய்துள்ள குறியீடுகளைப் படிப்பார். 'பி0513' என்பது சாவி பொருந்தவில்லை என்பதையும், 'யு0167' என்பது இம்மொபிலைசர் கருவியுடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதையும் குறிக்கும்.

பலன் என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது. கனடா 2007இல் அவ்வாறு செய்தது. அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லை. அங்கு இக்கருவி இல்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களைத் திருடும் முறை 2021ஆம் ஆண்டு முதல் இணையக் காணொளிகள் வழியே பரவியது, திருட்டுகளும் பெருகின. கட்டாயச் சட்டம் இருந்த கனடாவில், அந்நிறுவனங்களின் கார்கள் இக்கருவியுடனேயே விற்கப்பட்டிருந்தன.

ஆயினும் இந்தக் காவலும் குறையற்றதல்ல. ஃபோக்ஸ்வாகன் உட்படப் பல நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்ற 'மெகாமோஸ் கிரிப்டோ' என்ற முறை, மாரன் நிறுவனத்தின் சில்லுகளில் இயங்கியது. அதன் கணக்கீட்டு முறை வெளியிடப்படாத இரகசியமாக இருந்தது. பிரிட்டனையும் நெதர்லாந்தையும் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மூவர், சந்தையில் கிடைத்த சாவி நகலெடுக்கும் கருவி ஒன்றின் மென்பொருளிலிருந்தே அந்த முறையை அறிந்துகொண்டு, அதன் பலவீனங்களைக் கண்டறிந்தனர். 2013இல் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டிஷ் உயர்நீதிமன்றத்தில் அவர்களது கட்டுரைக்குத் தடை பெற்றது. இரண்டாண்டுகளுக்குப் பின், 2015இல்தான், ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு அது வெளியானது. சில கார்களில் சுமார் அரைமணி நேரத்தில் இரகசிய எண்ணைப் பெற முடியும் என்று அது காட்டியது.

பூட்டின் வலிமை சாவியில் இருக்கவேண்டுமே தவிர, பூட்டின் அமைப்பை மறைப்பதில் அல்ல என்று நெதர்லாந்தைச் சேர்ந்த அறிஞர் கெர்க்ஹாஃப்ஸ் 1883இலேயே எழுதினார். மெகாமோஸ் விவகாரம் அதையே உறுதி செய்கிறது.

சாவியைத் துளையில் நுழைக்கத் தேவையற்ற புதிய கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களைச் சோதித்த சூரிச் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் காருக்கும் இடையே சமிக்ஞையைக் கடத்தியே கார்களைத் திறந்து கிளப்ப முடியும் என்று 2011இல் நிரூபித்தனர். இதில் இரகசியம் எதுவும் உடைக்கப்படுவதில்லை. தொலைவில் உள்ள உண்மையான சாவியே சரியான விடையை அளிக்கிறது. சாவியை உலோகப் பெட்டியில் வைப்பது இதற்கான எளிய தடுப்பு.

பழைய கார் வாங்குவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. காரின் நினைவகத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதைப் பல கார்களில் சோதனைக் கருவி மூலம் அறியலாம். கைக்கு வந்த சாவிகளைவிட அந்த எண்ணிக்கை அதிகமாக இருந்தால், மற்றவற்றை உடனே நீக்கச் செய்வது நல்லது. ஏனெனில் இம்மொபிலைசர் அறிவது சாவியை மட்டுமே. அதை வைத்திருப்பவர் யார் என்பதை அது அறியாது.