சத்தமில்லாமல் தவறும் பேக்கப்

கரிசலில் சர்வர் அறை: தொடர் – 9

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த 7 இடங்களில் இதுவும் ஒன்று. நூற்பு முதல் தைத்த ஆடை வரை ஒரே வளாகத்தில் நடக்கப்போகிறது. அங்கே வரும் ஆலைகளின் கணக்கு எந்தெந்த சர்வரில் இருக்கும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்த சர்வர்களின் ராத்திரி வேலை: பேக்கப்.

பேக்கப் எடுப்பது முதலாளியின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனி, இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் அதன் நகலை எடுத்து வைத்தாக வேண்டும். அதற்கு முன்பு ‘அவ்வப்போது’ எடுத்தால் போதும் என்று இருந்தது.

தினமும் எடுக்கிறோமா என்று எப்படித் தெரியும்? பேக்கப் மென்பொருளில் அதற்கென்றே ஒரு திரை உண்டு. பேக்கப் எக்ஸெக் என்ற மென்பொருளில் அதற்கு ஜாப் மானிட்டர் என்று பெயர். நெட்பேக்கப் என்ற மென்பொருளில் ஆக்டிவிட்டி மானிட்டர். ஒரு தடவை பேக்கப் எடுக்க ஓடும் வேலைக்கு ஜாப் என்று பெயர். எந்த ஜாப் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த சர்வருடையது, எந்த ஸ்டோரேஜில் எழுதியது, எப்படி முடிந்தது என்று வரிசையாகக் காட்டும். பல இடங்களில் இந்தத் திரையை மென்பொருள் கொடுத்தபடியே விட்டுவிடுகிறார்கள். கடைசியாக முடிந்த ஜாப் மேலே நிற்கும், பழையது கீழே போய்விடும். காலையில் வருகிறவர் தோற்றுப்போன சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட விடுவார். பாதி பச்சையாகிவிடும், காரணம் அப்படியே கிடக்கும்.

நான் சொல்வது, அந்தத் திரையை மூன்று பார்வைகளாகப் பிரித்து வையுங்கள் என்பதுதான்.

முதல் பார்வை, தோற்றுப்போனவை மட்டும். காரணக் குறியீடு வாரியாகச் சேர்த்து. ஒரு நூற்பாலையில் ராத்திரி 40 ஜாப் ஓடி 12 சிவப்பில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கோளாறு என்று பதற வேண்டியதில்லை. நெட்பேக்கப்பில் 129 என்றால் டிஸ்க் நிரம்பிவிட்டது. 58 என்றால் அந்த சர்வரோடு இணைப்பே கிடைக்கவில்லை. 196 என்றால் ஒதுக்கிய நேரம் முடியும்வரை அந்த ஜாப்பின் முறை வரவேயில்லை. பத்து வரியில் 129, இரண்டில் 58 என்று கூடி நின்றால், கோளாறு மொத்தம் இரண்டு இருக்கலாம். அந்தப் பத்தையும் தொடங்கிய நேரப்படி அடுக்கிப் பாருங்கள். நள்ளிரவு 1.40க்கு முதல் சிவப்பு விழுந்திருந்தால், அதற்குச் சற்று முன்பு டிஸ்க்கில் பெரிதாக எழுதியது எந்த ஜாப் என்று தேடினால் போதும்.

இரண்டாவது பார்வை, அரைகுறையாக முடிந்தவை. நெட்பேக்கப்பில் இதன் குறியீடு 1. ஜாப் ஓடி முடிந்திருக்கும். சில ஃபைல்களை மட்டும் எடுத்திருக்காது. ‘முடிந்துவிட்டதே’ என்று இதைக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். எடுக்காமல் விட்டது தேவையில்லாத தற்காலிக ஃபைலாக இருக்கலாம். திறந்த நிலையில் இருந்த சம்பளக் கணக்கு டேட்டாபேஸாகவும் இருக்கலாம். ஜாப் லாகைத் திறந்து ஃபைலின் பெயரைப் பார்க்காமல் இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். ஓடிய ஜாப்களின் பட்டியலில், ஓடாத ஜாப் இருக்காது. அதனால் ஜாப்பை விட்டுவிட்டு சர்வரைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் கடைசி நல்ல பேக்கப் எந்தத் தேதி என்று எழுதி, மிகப் பழையதை மேலே நிறுத்துங்கள். புதிதாக வாங்கி, எந்த ஜாப்பிலும் சேர்க்காமல் விட்ட சர்வரும் இதில் அகப்படும். ஆனால் இந்தப் பட்டியலை ஆலையின் சொத்துப் பதிவேட்டிலிருந்து எழுத வேண்டும். பேக்கப் மென்பொருள் அறியாத சர்வரை அது காட்டாது.

இந்த மூன்றாவது பார்வை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, புரோகிராம் கோடைச் சேமித்து வைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனம் சாட்சி. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால், அமேசான் ஸ்டோரேஜ் காலியாக இருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவியோ 9.2. அதனால் ஜாப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை மெயில் சர்வர் ஏற்கவில்லை. அதனால் யாருக்கும் தகவல் வரவில்லை. வராததை எல்லாரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். வேறு தேவைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அப்படியும் சுமார் 5,000 புராஜெக்ட்டுகளின் தரவும் 700 புதிய பயனர்களின் கணக்குகளும் போயின. இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது. அதனால்தான் இன்று நமக்குப் பாடமாகிறது.

குமாரலிங்கபுரத்து சர்வர் அறைகளில் நாளை வேலைக்கு உட்காரப்போகிறவர்களில் அருப்புக்கோட்டை, சாத்தூர், திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: காலையில் முதலில் திறக்க வேண்டியது மூன்றாவது பார்வை. தோல்வி மெயில் வரவில்லை என்பதால் பேக்கப் தேறிவிட்டதாகக் கொள்ளாதீர்கள். நல்ல பேக்கப்பின் தேதியைக் கண்ணால் பார்த்த பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். அந்த சர்வரில் இருப்பது ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வருகைப் பதிவும் கூலியும்.

தேதி சரியாக இருந்தாலும் அந்த நகல் உண்மையிலேயே திறக்குமா? ஆலை ஓடும்போதே அதைச் சோதிப்பது எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)