வளாகத்துக்குள் இருந்து எழுதுகிறவர்கள்

மாணவப் பத்திரிகையாளர் தான் படிக்கும் இடத்தைப் பற்றியே செய்தி எழுதுகிறவர். அவருடைய வசதியும் இக்கட்டும் இதில்தான் இருக்கின்றன. மூதவையில் நடந்த வாக்குவாதம், பரீட்சைப் பெறுபேறு இழுபடுவதன் காரணம், விடுதியில் இரவு நடந்த பகிடிவதை எல்லாம் நகரத்துப் பத்திரிகைக்கு எட்டுமுன்பே அவருடைய காதுக்கு வந்துவிடும். ஆனால் அவர் எழுதவேண்டியது தனக்குப் புள்ளியிடும் விரிவுரையாளரைப் பற்றியதாக இருக்கலாம். ஒரே அறையில் படுத்தெழும்பும் நண்பனைப் பற்றியதாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் எழுதியவர்கள் சிலர் இதற்கு உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

குடாநாட்டில் கல்விக்கூடத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவு பல்கலைக்கழகத்தைவிடப் பழையது. 1841 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் பெயரளவில்தான் வெள்ளைக்காரர். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து வந்த தமிழர். 1974 ஒக்டோபரில் திருநெல்வேலியில், பழைய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக வந்த க. கைலாசபதியும் முன்னர் 'தினகரன்' ஆசிரியராக இருந்தவரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகிவிட்ட அந்த வளாகத்தில் இன்று ஊடகக் கற்கைகள் தனித் துறையாகவே நடக்கின்றன. ஆனால் துறையில் படிப்பவர் மட்டும்தான் மாணவப் பத்திரிகையாளர் என்றில்லை. மாணவர் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு எழுதுபவரும், நகரப் பத்திரிகைக்கு வளாகச் செய்தி கொடுப்பவரும், முகநூல் பக்கம் ஒன்றை நடத்துபவரும் அதே பொறுப்பைத்தான் சுமக்கிறார்கள்.

அந்தப் பொறுப்பில் முதலாவது, நடந்ததை உறுதிப்படுத்துவது. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிப் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். முதலில் வெளிவந்த செய்தி, வீதி விபத்து என்பது. பிறகுதான் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்தது. பொலிஸார் ஐவர் கைதுசெய்யப்பட்டார்கள். விபத்து என்ற முதல் அறிவிப்பை அப்படியே எடுத்துப் போட்டவர் பொய் சொல்லவில்லை. ஆனால் செய்தியும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இரவில் செய்யக்கூடியது, 'விபத்து எனப் பொலிஸார் தெரிவிக்கின்றனர்' என்று மூலத்தைச் சேர்த்து எழுதுவதும், வைத்தியசாலையில் காயங்களைப் பற்றி விசாரிப்பதும், அந்த இடத்தில் வசிப்பவர் சத்தம் ஏதும் கேட்டாரா என்று அறிவதும்தான். மறுபக்கத்தில், ஆதாரம் கைக்கு வருமுன் 'சுட்டுக் கொன்றார்கள்' என்று எழுதிவிடுவதும் அதே அவசரம்தான், பின்னர் அது உண்மையென்று தெரியவந்தாலும்.

இதைவிடக் கடினமானது சொந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுவது. அதே வருடம் ஜூலையில் விஞ்ஞான பீடத்தின் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த தகராறு தமிழ், சிங்கள மாணவரிடையே கைகலப்பாக முடிந்தது. கொழும்புப் பத்திரிகைகளும் யாழ்ப்பாணப் பத்திரிகைகளும் தத்தம் வாசகரை மனதில் வைத்தே எழுதும். அது தெரிந்த கதை. இரண்டு தரப்பாரோடும் ஒரே ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவரால் மட்டுமே நிகழ்ச்சிநிரல் எப்போது மாறியது, யார் யாரிடம் பேசினார்கள், முதலில் கைவைத்தது யார் என்று இரு பக்கமும் கேட்டு எழுத முடியும். அப்படி எழுதினால் கன்டீனில் கூட இருந்து தேநீர் குடிக்க ஆள் கிடைக்காமல் போகலாம். ஒன்றியத்தின் அறிக்கையை வெளியிடுவது சுலபம். ஆனால் அது ஒரு தரப்பின் குரலே.

யாருடைய முடிவு என்று கேட்பது அடுத்த வேலை. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி துணைவேந்தரே மீள அமைப்பதற்கான அடிக்கல்லை நாட்டினார். மூன்று நாளில் ஒரு நிர்வாகம் இரண்டு எதிரெதிரான செயல்களைச் செய்தால், ஒவ்வொன்றுக்கும் உத்தரவு எங்கிருந்து வந்தது, அது எழுத்தில் இருக்கிறதா, பேரவை கூடியதா என்பவைதான் செய்தி. கைப்பேசிக் காணொளி கண்ணால் கண்டதைக் காட்டும். இந்தக் கேள்விகளுக்கு அதில் விடை இராது.

அதற்கு உதவும் கருவி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடங்கும். குடிமகனாக இருந்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. ஆனால் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'விடுதியில் ஏன் தண்ணீர் வருவதில்லை?' என்று கேட்டால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வரி வரும். 'சென்ற வருடம் இந்த விடுதியின் நீர்த்தொட்டித் திருத்தத்துக்குச் செலவான தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த கட்டளைப் பத்திரத்தின் பிரதி' என்று கேட்டால் ஆவணம் வரும், அல்லது இல்லை என்ற பதில் வரும். இரண்டுமே எழுதத்தக்கவை.

எழுதாமல் விடவேண்டியதும் உண்டு. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதை மூடி மறைப்பது வளாகத்தின் மானத்தைக் காப்பதாகாது. ஆயினும் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பாடநெறி, விடுதி அறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனால் பெயரை மறைத்தும் பயனில்லை. சிறிய பீடமொன்றில் இரண்டு விவரம் போதும் ஆளை அடையாளம் காண. வட்ஸ்அப் உரையாடலைப் படமெடுத்து அப்படியே போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பதில் சொல்ல இடம் வேண்டும், அவர் எவ்வளவு வெறுக்கப்படுகிறவராக இருந்தாலும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையின் விலை என்ன என்பதற்கு இரண்டு பெயர்கள். நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி, கவிஞர் செல்வி என்கிற செல்வநிதி தியாகராஜா, 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஓகஸ்ட் இறுதியில் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. பல்கலைக்கழகத்தின் ஊடகப் பயிற்சி மையத்தில் இதழியல் படித்த சகாதேவன் நிலக்சன், 22 வயது, 'சாளரம்' சஞ்சிகையில் பணிபுரிந்தவர். 2007 ஓகஸ்ட் 1ஆம் திகதி அதிகாலை, இராணுவக் கட்டுப்பாட்டில் ஊரடங்கு நடப்பிலிருந்த வேளையில், கொக்குவிலில் வீட்டுக்கு வந்த துப்பாக்கிதாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆட்சி எவர் கையில் இருந்தாலும் எழுதுபவருக்குப் பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. இதை ஒரு தரப்பின் குற்றப்பட்டியலாக மட்டும் சொல்பவர் பாதியைத்தான் சொல்கிறார்.

இன்றைய ஆபத்து பெரும்பாலும் சட்டத்தின் வழியாக வருகிறது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரத்தைத் தருகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னான தேடுதலில், மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் ஒன்றிய அறையில் கிடைத்த, விடுதலைப் புலிகள் தொடர்பான படங்களுக்காக அந்தச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சமூக ஊடகப் பதிவுகளையும் வளைத்துக்கொண்டது. குறிப்புப் புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் பத்திரமாக வைத்திருப்பதும், தகவல் தந்தவரின் பெயரைக் கைப்பேசியில் எழுதி வைக்காமல் இருப்பதும் இங்கே அடிப்படைப் பாடங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நிர்வாகம் அச்சுச் செலவைக் கொடுத்தால் நிர்வாகத்தின் கை நீளும். ஒன்றியம் கொடுத்தால் ஒன்றியத்தின் கை. பொறுப்பாசிரியராக இருக்கும் விரிவுரையாளர் மொழியையும் சட்டச் சிக்கலையும் பார்க்கலாம். எது வரவேண்டும் என்ற முடிவு மாணவ ஆசிரியர் குழுவிடம் இருக்கவேண்டும். அப்படி மாணவர் கையில் இருந்தால் என்ன முடியும் என்பதற்கு ஒரு உதாரணம்: நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குள் 2024 ஏப்ரல் 30ஆம் திகதி மாணவர் போராட்டத்தைக் கலைக்கப் பொலிஸ் நுழைந்தபோது, வெளி ஊடகங்களுக்கு உள்ளே இடம் சுருங்கியிருந்த வேளையில், மாணவர் வானொலிதான் நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வானொலி அன்றைக்குத் தொடங்கியதல்ல; பல தசாப்தங்களாக மாணவரே நடத்தி வந்தது.

யாழ்ப்பாணத்தில் இல்லாதது இந்தத் தொடர்ச்சிதான். நான்கு வருடத்தில் ஒரு அணி பட்டம் பெற்றுப் போய்விடும். அடுத்த அணிக்கு முன்னவர் என்ன எழுதினார், எந்தக் கோப்பைக் கேட்டார், யார் பதில் தரவில்லை என்பது தெரியாது. ஒரு இதழ் இரண்டு வெளியீட்டோடு நின்றுவிடும், வேறொரு பெயரில் மீண்டும் முதலாவதிலிருந்து தொடங்கும். இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' இருப்பதால் இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று மின்னூலகத்துக்கு. தகவல் உரிமை விண்ணப்பங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் ஒரே கோப்பில், அடுத்த ஆசிரியரின் கையில். கைமாற்றும் நாளில் பழைய குழுவும் புதிய குழுவும் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் இந்த வேலை முடிந்துவிடும்.